சொம்பில் இருந்த தண்ணீர்

இல்லை முரளி, அதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். "அப்பாவுக்கு வயசாயிடுச்சும்மா, மைக்கப் பாத்ததும் உளறிட்டாரு, விடு" என்று நேற்று நீ உன் அம்மாவிடம் போனில் சொன்னதை நானும் கேட்டேன். ஸ்பீக்கர் தெரியாமல் ஓடிக்கொண்டிருந்தது. அதை நிறுத்த அவளுக்குத் தெரியாது, எனக்குத் தெரியும், நான் நிறுத்தவில்லை. நான் உளறவில்லைடா. காலையில் எழுந்து, சவரம் செய்துகொண்டு, எந்தச் சட்டை போட்டால் போனில் எடுப்பாகத் தெரியும் என்று உன் அம்மாவைக் கேட்டு, நன்றாக யோசித்துச் செய்த காரியம் அது. அதனால் வயசைக் காரணம் காட்டி என்னை மன்னிக்காதே. வேறு ஏதாவது கொடுப்பதாக இருந்தால் இதை முழுக்கப் படித்துவிட்டுக் கொடு.

செவ்வாய்க்கிழமை காட்பாடியில் ரயிலேறி ஐதராபாத் போகிறாய். புது வேலை. போகிற பிள்ளைக்குத் தைரியம் சொல்லி எழுத வேண்டிய நேரத்தில் என் வண்டவாளத்தை எழுதுகிறேன். "இனிமே எந்த மைக் முன்னாடியும் வாயத் திறக்க மாட்டேன்" என்று நீ சொன்னதையும் கேட்டேன். ஒரு வருஷம் அலைந்து எழுதிய தண்ணீர் அறிக்கையைக் கயிறு கட்டிப் பரண்மேல் போட்டுவிட்டாயாம். நம் ஆத்தோரத் தெருவுக்குக் குடிதண்ணீர்க் குழாய் வருவதும் வராததும் அந்தக் காகிதக் கட்டுக்குள்தான் இருக்கிறது. அதைக் கெடுத்தவன் நான். எப்படிக் கெடுத்தேன் என்பதில் உனக்கே தெரியாத பாதி ஒன்று இருக்கிறது. அதை எழுதத்தான் உட்கார்ந்தேன். உனக்கு ஒரு பிரதி, ரேஷன் கடைச் சுவருக்கு ஒரு பிரதி. எட்டாவதோடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன் எழுதுவது, பிழையைத் திருத்திக்கொண்டு உட்காராதே.

நீ ஞாயிற்றுக்கிழமைதோறும் பாட்டில்களோடு வந்து கிணறு கிணறாகத் தண்ணீர் மொண்டாய். ஒவ்வொரு பாட்டிலுக்கும் பெயர் எழுதி ஒட்டினாய். உனக்குப் பெயர் வைக்கக்கூட நான் அவ்வளவு யோசித்ததில்லை என்று அப்போதே கிண்டல் செய்தேன். கடைசியில் நீ கண்டுபிடித்ததை எனக்குச் சமையலறையில் உட்கார்ந்து சொன்னாய். எனக்குப் புரிந்த அளவு இதுதான். குரோமில் இரண்டு வகை. தொழிற்சாலையில் நாங்கள் டிரம்மில் போட்டுத் தோல் பதனிட்டது ஒரு வகை, பெரிய கெடுதல் செய்வது வேறு வகை. நம் கிணறுகளில் இருப்பது முதல் வகை, அதுவும் கம்மி. ஆனால் ஒன்று இன்னொன்றாக மாறவே மாறாது என்று அடித்துச் சொல்ல முடியாது, அதனால் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். இப்போதைக்கு ஆத்தோரத் தெருக் கிணறுகளில் பிரச்சினை உப்பு. குடிக்க ஆகாத அளவுக்கு உப்பு. மேட்டுத் தெருக் கிணறுகளில் அவ்வளவு இல்லை. அன்றைக்கே நம் வீட்டுக்குக் கேன் தண்ணீர் வாங்கச் சொன்னாய். இதில் எதுவும் எனக்குப் புரியாமல் இல்லை. இதை நினைவில் வைத்துக்கொண்டு மேலே படி.

பிறகு டிவிக்காரர்கள் வந்தார்கள். அந்தப் பெண் நல்ல பெண்தான், காலில் விழாத குறையாகக் கேட்டாள்.

"சார், ஒரே வார்த்தைல சொல்லுங்க. வெஷமா, வெஷம் இல்லியா?"

"அப்படி ஒரே வார்த்தைல சொல்ல முடியாதுங்க. அதாவது, குரோம்ல ரெண்டு வகை இருக்குது..."

"சார், ஜனங்களுக்குப் புரியற மாதிரி."

"அதாவது, ஜனங்களுக்குப் புரியற மாதிரின்னா, அளவப் பொறுத்து..."

நாற்பது நிமிஷம் பேசினாய். நான் கதவுக்குப் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். ஒவ்வொரு வார்த்தையையும் தராசில் வைத்து எடுத்துக் கொடுத்தாய். சாயந்திரம் செய்தியில் வந்தது ஒரு கொட்டாவி விடுகிற நேரம். "குரோம் இருக்குது, ஆனா கம்மிதான்." அவ்வளவுதான். உப்பைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. நீ டிவி முன்னால் உட்கார்ந்தபடியே இருந்தாய், சாப்பிட வரவில்லை. அப்போது நான் உன் பக்கத்தில் வந்து உட்கார்ந்திருக்க வேண்டும். டீக்கடைக்குப் போய்விட்டேன்.

டீக்கடையில் அன்வர் பாய் இருந்தார். உனக்குத் தெரியும், என்னோடு இருபது வருஷம் டிரம்மடியில் நின்றவர். "இன்னாப்பா, உன் புள்ள இன்னா சொல்றான்? குடிக்கலாமா, கூடாதா? ஒரே பேஜாரா இருக்குதே" என்றார். நாலு பேர் என் முகத்தைப் பார்த்தார்கள். நீ எனக்குச் சொன்னதை நான் அவர்களுக்குச் சொல்லியிருக்கலாம். உப்புதான் பாய், இந்தத் தெருத் தண்ணீரைக் குடிக்காதீங்க என்று ஒரு வரி. அது எனக்குத் தெரியும். ஆனால் எனக்குச் சிரிப்பு வேண்டியிருந்தது. "அவன் எங்கப்பா சொன்னான், அதாவது அதாவதுன்னு வண்டிய ஸ்டார்ட் பண்ணிக்கினே இருக்கறான், வண்டி கெளம்பல" என்றேன். கடையே சிரித்தது. ஒரு வாரத்தில் உனக்கு 'அதாவது சார்' என்று பெயராகிவிட்டது. அந்தப் பெயரை வைத்தவன் யார் என்று நீ ஒரு தடவை என்னிடமே கேட்டாய், ஞாபகம் இருக்கிறதா? "எவனோ வேலையில்லாதவன்" என்றேன். அதில் பொய் இல்லை, ஓய்வு பெற்றுவிட்டேன்.

அந்த 'அதாவது' உனக்கு எங்கிருந்து வந்தது என்பதும் எனக்குத் தெரியும். உனக்கு அப்போது எட்டு வயசு. தொழிற்சாலையிலிருந்து நான் கொண்டு வந்த ஒரு துண்டுத் தோலைப் பார்த்து, "ஏம்பா இது நீலமா இருக்குது?" என்று கேட்டாய். குரோம் போட்டால் அப்படி ஆகும் என்று சொல்லியிருந்தால் முடிந்திருக்கும். "மேல ஏறி வானத்த ஒரு சட்டி கரச்சு ஊத்துவோம்டா" என்றேன். நீ அதை அப்படியே வகுப்பில் எழுந்து நின்று சொன்னாய். எங்கப்பா சொன்னாரு என்றும் சொன்னாய். வாத்தியார் உன்னை அந்தத் துண்டுத் தோலைக் கையில் பிடித்துக்கொண்டு மணி அடிக்கும்வரை நிற்க வைத்தார். வீட்டுக்கு வந்து நீ அழவில்லை. நான்தான் சிரித்தேன், பக்கத்து வீட்டுக்காரர்களைக் கூப்பிட்டுச் சொல்லிச் சொல்லிச் சிரித்தேன். அதற்குப் பிறகு நீ எதையும் சட்டென்று சொன்னதில்லை. மணி என்ன என்று கேட்டால்கூட, "அதாவது, நம்ம கடிகாரம் கொஞ்சம் முந்தி ஓடுது" என்றுதான் ஆரம்பிப்பாய். ஊர் கேலி செய்த அந்த வார்த்தையை உன் வாயில் வைத்தவனும் நான், அதைக் கேலியாக்கி ஊருக்குக் கொடுத்தவனும் நான்.

இப்போது அந்தச் சொம்புக் கதைக்கு வருகிறேன். நீ சென்னையில் இருந்தபோது செல்போனில் வீடியோ எடுத்துப் போடுகிற ஒரு தம்பி வந்தான். முதல் நாளே போன் செய்துவிட்டுத்தான் வந்தான். "தாத்தா, உங்க பையன் பேசறது யாருக்கும் புரியல. நீங்க பழைய டேனரி ஆளு. நீங்க சொல்லுங்க, வைரலாக்கிடலாம்." எனக்கு ஆசை வந்துவிட்டது. படித்தவன் நாற்பது நிமிஷத்தில் சொல்ல முடியாததை இந்த எட்டாங்கிளாஸ் நாலு வார்த்தையில் சொல்லிக் காட்டுகிறேன் பார் என்று. உனக்கு உதவி செய்கிறேன் என்றும் அப்போது எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது பாதிகூட உண்மையில்லை. ஜெயிக்க வேண்டும் என்று நினைத்தேன். பெற்ற பிள்ளையை.

கிணற்றில் வாளியை விட்டு, போனுக்கு முன்னால் தண்ணீர் இழுத்தேன். "இருப்பா, துணில வடிகட்டி எடுத்தாறேன்" என்று உள்ளே போனேன். சொம்போடு வெளியே வந்தேன். "முப்பத்தி நாலு வருஷம் இந்த ஊரு தண்ணிலதான் உருண்டேன். தண்ணி நல்லதா கெட்டதான்னு பாக்க பாட்டில் எதுக்கு? நாக்கு எதுக்கு இருக்குது?" என்றேன். அண்ணாந்து ஒரு சொம்பு முழுக்கக் குடித்தேன். மீசையைத் துடைத்தேன். "எப்படி தாத்தா இருக்குது?" என்றான். "எளநி மாதிரி." நீ அதை எத்தனை தடவை பார்த்தாயோ. ஐயாயிரம் முறை பார்த்தாலும் உனக்குத் தெரியாத விஷயம் ஒன்று. அந்தச் சொம்பில் இருந்தது கிணற்றுத் தண்ணீர் இல்லை முரளி. நீ வாங்கச் சொன்ன கேனிலிருந்து பிடித்து, காலையிலேயே உள்ளே தயாராக வைத்திருந்தேன். கிணற்றுத் தண்ணீரைக் குடிக்க எனக்குப் பயம். நீ சொன்னதை இந்தத் தெருவில் முழுக்க நம்பிய ஒரே ஆள் நான்தான்.

இந்தப் புத்தி எங்கிருந்து வந்தது என்று யோசித்தேன். தோலைத் தரம் பிரிக்கிற செலக்‌ஷனில் இருந்த கடைசிப் பத்து வருஷம், தோல் வாங்க வருகிறவர்களுக்குக் கட்டு அடுக்கிக் காட்டுவது என் வேலை. மேலே நாலு நல்ல தோலை வைப்பேன், அடியில் இருப்பது அடியில் இருக்கும். கட்டைப் பிரிக்கிறவன் கண் மேலேதான் போகும். அதில் எனக்கு ஊரெல்லாம் பேர். ஆனால் அதற்கு முன்னால் டிரம்மடியில் எனக்குக் கற்றுக்கொடுத்த வேலை வேறு. குரோம் உள்ளே வரைக்கும் ஏறிவிட்டதா என்று தெரிய வேண்டுமென்றால் வயிற்றுப் பக்கம் வெட்டிப் பார்க்கக் கூடாது. அது மெல்லிசு, எப்போதும் நீலமாகத்தான் இருக்கும். கழுத்துப் பக்கம், தோல் தடியாக இருக்கிற இடத்தில் கத்தியை வைத்து, நடுவில் வெள்ளைக் கோடு தெரிகிறதா என்று பார்க்க வேண்டும். வெள்ளை தெரிந்தால் டிரம் இன்னும் ஓட வேண்டும், மேஸ்திரி கத்தினாலும் சரி. நீ அந்த டிவிப் பெண்ணுக்குக் கழுத்துப் பக்கத்தை வெட்டிக் காட்டிக்கொண்டிருந்தாய். நான் கட்டு அடுக்கிக் காட்டினேன். இரண்டு வேலையும் தெரிந்தவன் நான், தெரியாமல் செய்ததாகச் சொல்ல எனக்கு வழியில்லை.

பக்கத்து வீட்டுச் சம்பூர்ணம் அந்த வீடியோவைப் பார்த்துவிட்டு மறுநாளே வந்தாள். வீட்டில் உட்கார்ந்து ஷூவுக்கு மேல்பாகம் கையால் தைத்துக் கொடுக்கிற பெண், விரலெல்லாம் ஊசித் தழும்பு. புருஷன் ஏழுமலைக்கு ரத்தக் கொதிப்பு, உப்பைக் குறைக்கச் சொல்லியிருக்கிறார்கள். அதனால்தான் கேன் வாங்கிக்கொண்டிருந்தாள்.

"மாமா, நெசமாவே குடிக்கலாமா? நாங்க கேன நிறுத்திடலாமா?"

"பாத்தியே, குடிச்சேனே."

"அப்ப உங்க வூட்டுக்கு மட்டும் கேன் வருது?"

"அது உங்க அத்தைக்கும்மா. அவளுக்கு டவுன் நாக்கு."

அவள் சிரித்தாள். நானும் சிரித்தேன். எல்லாவற்றிலும் மோசமானது அந்த ஒரு வாக்கியம்தான் என்று இப்போது தோன்றுகிறது. வீடியோவை ஊருக்குக் காட்டினேன், அது ஒரு கூத்து. இது ஒரு பெண் நேராக என் முகத்தைப் பார்த்துக் கேட்ட கேள்வி. அவள் கேனை நிறுத்திவிட்டாள்.

அடுத்த மாதம் தெருப் பெண்கள் உன் அறிக்கையின் நகலோடு குறை கேட்கும் கூட்டத்துக்குப் போனார்கள். மனுவை வாங்கியவர் போனை எடுத்து என் வீடியோவைப் போட்டுக் காட்டினாராம். "எழுதினவரோட அப்பாவே குடிக்கறாரு, நீங்க கொழாய் கேக்கறீங்களா?" என்றாராம். திரும்பி வந்துவிட்டார்கள். உன் அறிக்கை அவர்கள் கையிலேயே இருந்தது. உன் பெயர் கெட்டது அன்றைக்குத்தான், டிவியில் இல்லை.

அப்புறம் ஏழுமலைக்குக் கால் வீங்கி, மூச்சு வாங்கி, ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். ஆட்டோவில் நானும் போனேன். டாக்டர் என்ன தண்ணீர் குடிக்கிறீர்கள் என்று கேட்டார். சம்பூர்ணம் சொன்னாள். அவர் கொஞ்சம் யோசித்துவிட்டு, "பல காரணம் இருக்கலாம்மா. மாத்திரைய விட்டு விட்டுப் போட்டதா இருக்கலாம். உப்புத் தண்ணியும் ஒரு காரணமா இருக்கலாம். அதாவது, இதனாலதான்னு நான் சொல்ல முடியாது" என்றார். என் வாழ்க்கையில் எந்த வார்த்தையையும் அவ்வளவு ஆசையோடு நான் கேட்டதில்லை. அந்த 'அதாவது'வைப் பிடித்துக்கொண்டு இரண்டு நாள் தொங்கினேன். பார், டாக்டரே சொல்லிவிட்டார், என்னால்தான் என்று சொல்ல முடியாதாம். உனக்கு வந்தால் கேலி, எனக்கு வந்தால் ஊன்றுகோல். ஏழுமலை இப்போது வீட்டுக்கு வந்துவிட்டான், கம்பெனிக்குப் போகவில்லை, கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருக்கிறான், என் சொம்பை நம்பி இன்னும் கிணற்றுத் தண்ணீரைத்தான் குடிக்கிறான். என்னைப் பார்த்தால், "வாங்க மாமா" என்கிறான்.

சரிசெய்யலாம் என்று அந்த வீடியோத் தம்பியைத் திரும்பக் கூப்பிட்டேன். நேராகச் சொல்லிவிடுவது என்றுதான் உட்கார்ந்தேன். ஆனால் எங்கிருந்து ஆரம்பிப்பது? பாலாற்றிலிருந்து ஆரம்பித்தேன். குரோமில் இரண்டு வகை என்றேன். ஆத்தோரத் தெரு வேறு, மேட்டுத் தெரு வேறு என்றேன். அப்படியே சொல்லிக்கொண்டே போய்க் கேனுக்கு வந்துவிடலாம் என்று கணக்கு. உள்ளேயிருந்து உன் அம்மா எண்ணிக்கொண்டிருந்தாளாம், கால் மணி நேரத்தில் பதினோரு 'அதாவது'. அந்தத் தம்பி பொறுமை இழந்துவிட்டான்.

"தாத்தா, டைம் இல்ல. ஒரே கேள்வி. அன்னைக்கு நீங்க குடிச்சீங்களா இல்லியா?"

"குடிச்சேன். அதாவது, நான் குடிச்சது இன்னான்னா..."

"சூப்பர் தாத்தா. போதும்."

போனைப் பையில் போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டான். 'குடிச்சேன்' என்பது மட்டும் வந்தது. மறுபடியும் உறுதி செய்த பெரியவர் என்று தலைப்பு. நீ அதையும் பார்த்திருப்பாய், அதற்குப் பிறகுதான் என்னோடு பேசுவதை நிறுத்தினாய். அவன் வெட்டிவிட்டான் என்று எல்லோரிடமும் சொன்னேன். வெட்டினான்தான். ஆனால் அவன் போனைப் பையில் போட்டபோது என் நெஞ்சுக்குள் ஒரு நிம்மதி வந்ததே, அதை யாரிடமும் சொல்லவில்லை. கேனைப் பற்றிச் சொல்வதற்கு எனக்குக் கால் மணி நேரம் இருந்தது. முதல் வார்த்தையாகச் சொல்லியிருந்தால் அவனால் எதை வெட்டியிருக்க முடியும்?

அங்கேதான் நீ பட்ட பாடு எனக்குப் புரிந்தது. மனசுக்குள் முழுசாக இருக்கிற ஒன்று, மைக் முன்னால் வந்ததும் எந்த ஓரத்தைப் பிடித்து வெளியே இழுப்பது என்று தெரியாமல் போய்விடுகிறது. ஒரு ஓரத்தைப் பிடித்தால் மற்றது கிழிகிறது. புத்தி சொல்ல எனக்கு இப்போது யோக்கியதை இல்லை. இருந்தாலும் அடிபட்டவன் சொல்கிறான், கேள். அடுத்த தடவை யாராவது மைக்கை நீட்டினால், அவன் என்ன கேட்டாலும் சரி, முதலில் ஜனங்கள் செய்ய வேண்டியதைச் சொல்லிவிடு. "ஆத்தோரத் தெருக் கெணத்துத் தண்ணியக் குடிக்காதீங்க, உப்பு ஜாஸ்தி." இதைச் சொல்லி மூச்சு விடு. அதற்குப் பிறகு உன் இரண்டு வகைக் குரோமைச் சொல், அளவைச் சொல், எத்தனை 'அதாவது' வேண்டுமானாலும் போடு. அதை விட்டுவிடாதே. அது உன் பயத்திலிருந்து வந்ததாக இருந்தாலும், இந்த ஊரில் நான் பார்த்த நாணயமான பேச்சு அதுதான். பேசவே மாட்டேன் என்று மட்டும் போய்விடாதே. நீ வாயை மூடினால் எனக்குத்தான் மைக் வரும், அது யாருக்கும் நல்லதில்லை.

திங்கட்கிழமை தெரு ஜனங்கள் திரும்ப மனு கொடுக்கப் போகிறார்கள். உன் வண்டி செவ்வாய்க்கிழமைதானே. பரண்மேல் இருப்பதை இறக்கிக் கொண்டு வா. உனக்கு முன்னால் நான் பேசிவிடுகிறேன், ஒரே வரி, சொம்பில் இருந்தது கேன் தண்ணீர் என்று. அதற்கப்புறம் உன் நாற்பது நிமிஷம்.

இங்கே வரைக்கும் எழுதியது, சுவரில் ஒட்டுவதற்கு முன்னால் சம்பூர்ணத்துக்குத்தான் முதலில் தெரிய வேண்டும் என்று தோன்றியது. இன்று காலை அவள் வாசலில் போய் உட்கார்ந்தேன். தைக்க வேண்டிய ஷூத் தோல்கள் ஒரு சாக்கு நிறையப் பக்கத்தில் இருந்தன. "படிங்க மாமா, கைதான வேலை செய்யுது, காது சும்மாதான இருக்குது" என்றாள். படித்தேன். 'அதாவது சார்' என்று பெயர் வைத்தது நான்தான் என்ற இடத்தில் சிரித்தாள். "உங்கள மாதிரி அப்பன் எதிரிக்கும் வேணாம்" என்றாள். சொம்பு வந்த இடத்தில் ஊசி நின்றது. தலை நிமிரவில்லை.

"அப்ப அத்தைக்கு டவுன் நாக்குன்னு சொன்னது?"

"பொய்யிம்மா."

நான் மேலே படித்தேன். நிறுத்தினால் திரும்ப ஆரம்பிக்க முடியாது என்று வேகமாகப் படித்தேன். ஆஸ்பத்திரியைப் படித்தபோது அவள் தைத்துக்கொண்டிருந்ததைச் சாக்கில் போட்டு, ஊசியை நூல்கண்டில் குத்தி வைத்துவிட்டு உள்ளே போனாள். ஏழுமலை கட்டிலிலிருந்து ஏதோ கேட்டான். திரும்ப வந்தபோது இடுப்பில் காலிக் கேன் இருந்தது. ரொம்ப நாளாக மூலையில் கிடந்திருக்க வேண்டும், முந்தானையால் அதன் தூசியைத் துடைத்தாள்.

"மீதிய திங்கக்கெழம அங்க வந்து படிங்க மாமா" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினாள்.

என் கையில் அந்த மீதியோடு தனியாக இன்னும் ஒரு பக்கமும் இருந்தது. நான் ஏன் அப்படிச் செய்தேன் என்பதற்கான மீதி விளக்கமெல்லாம் அதில்தான் எழுதியிருந்தேன். அந்தப் பக்கத்தை இதோடு உனக்கு அனுப்பவில்லை. அவளுக்குக் கேட்க வேண்டுமே என்று எழுந்து நின்று, "இன்னும் ஒரு பக்கம் இருக்குதும்மா சம்பூர்ணம்" என்று கூப்பிட்டேன். அவள் கேனை இடுப்பு மாற்றி வைத்துக்கொண்டு நடந்தாள். "அதாவது, நான் இன்னா நெனச்சேன்னா" என்று நான் ஆரம்பித்தபோது தெருமுனை திரும்பிவிட்டாள்.